இதயத்தின் குறுக்குவெட்டு: பெருநாடி வேரிலிருந்து தொடங்குங்கள்

சீ.ரீ. ஸ்கானில் இதயத்தைப் பார்க்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். புத்தகத்தில் உள்ள ஏழெட்டுப் படங்களை எடுத்து, இந்த மட்டத்தில் இது தெரியும், அந்த மட்டத்தில் அது தெரியும் என்று பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். சோதனையில் அதே படம் வந்தால் தப்பிவிடலாம். அடுத்த நோயாளி மெலிந்து உயர்ந்தவராக இருந்தால், அல்லது மூச்சை அரைகுறையாக இழுத்திருந்தால், படம் வேறாகிவிடும். படித்த பெயர்கள் எதன்மீதும் ஒட்டாது. ஆகவே ஒரு படத்தில் நின்று பெயர் தேடுவதை விட்டு, ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்வரப் பழக வேண்டும். எந்தக் குழாயிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பெருநாடியின் வேர், அதாவது அது இதயத்திலிருந்து கிளம்பும் இடம், என்பதுதான் என் பதில். நான்கு அறைகளும் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இதயத்தில் வேறெந்த இடத்துக்கும் அந்த வசதி இல்லை.

இதை எழுதுவது கொழும்பில் கதிரியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளையும், வார்ட்டில் ஸ்கான் படத்தைத் தாங்களே திறந்து பார்க்க விரும்பும் இளம் மருத்துவர்களையும் மனதில் வைத்து. ஏ/எல் உயிரியலில் படித்த சோணை (மேலறை), இதயவறை (கீழறை), நாடி (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் குழாய்), நாளம் (இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்) என்ற சொற்களையே வைத்துக்கொள்கிறேன். ஸ்கான் அறையில் எல்லோரும் ஆங்கிலப் பெயரால் சொல்வதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்.

முதலில் திசை. குறுக்குவெட்டுப் படத்தை நோயாளியின் கால்பக்கத்தில் நின்று மேல்நோக்கிப் பார்ப்பதாகவே காட்டுவார்கள். நோயாளியின் வலது பக்கம் திரையில் உங்கள் இடது கைப்பக்கம் வரும். மார்பெலும்பு மேலே, முள்ளந்தண்டு கீழே. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் குழம்புவதற்குக் காரணம் இதயத்தின் சாய்வு. நுனி இடப்பக்கமாகவும் முன்பக்கமாகவும் கீழ்நோக்கியும் நிற்கிறது. ஸ்கானரோ உடம்புக்குச் செங்குத்தாக வெட்டுகிறது. ஆகவே எந்தக் குறுக்குவெட்டிலும் இதயம் சரிவாகத்தான் வெட்டுப்படும்.

அந்தச் சாய்வினால் வலது, இடது என்ற பெயர்களும் ஏமாற்றும். வலது இதயவறை உண்மையில் முன்னால், மார்பெலும்புக்குப் பின்னாலேயே இருக்கிறது. இடது சோணை எல்லாவற்றுக்கும் பின்னால், களத்தையும் (உணவுக்குழாய்) இறங்கு பெருநாடியையும் உரசிக்கொண்டு கிடக்கிறது. வலப்பக்க ஓரத்தில் வலது சோணை, இடப்பக்க ஓரத்தில் இடது இதயவறை. பெயரில் உள்ள வலது இடதைக் கொஞ்சம் மறந்து, "முன்னறை, பின்னறை, வலவோரம், இடவோரம்" என்று பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

வேரும் அதன் அயலாரும்

பெருநாடி வேரைக் கண்டுபிடிக்க, ஏறு பெருநாடியின் வட்டத்தைப் பிடித்துக் கீழே வாருங்கள். வட்டம் ஒரு கட்டத்தில் மூன்று இதழ் கொண்ட வடிவமாகும். அவைதான் மூன்று சைனஸ்கள், வேரின் சுவர் வெளியே புடைத்த பைகள். முன்னால் இருப்பது வலது கொரோனரி சைனஸ். இடது பின்னால் இருப்பது இடது கொரோனரி சைனஸ். வலது பின்னால் இருப்பதிலிருந்து முடியுரு நாடி (இதயத்தசைக்குக் குருதி கொடுக்கும் கொரோனரி நாடி) எதுவும் புறப்படாது. அது சோணைகளுக்கு இடையிலான பிரிசுவரைப் பார்த்தபடி நிற்கும். மூன்றில் எது எது என்று சந்தேகம் வந்தால் சோணைப் பிரிசுவரைத் தேடுங்கள். அதை நேராகப் பார்த்து நிற்பது கொரோனரி இல்லாத சைனஸ்.

அந்த மட்டத்திலேயே நின்று சுற்றிப் பாருங்கள். முன்னால் வலது இதயவறையின் வெளிப்பாதை (குருதி நுரையீரல் நாடிக்குப் போகும் வழி), வேரின் முன்பக்கத்தை அணைத்தபடி வலமிருந்து இடமாக ஏறுகிறது. வலப்பக்கத்தில் வலது சோணையும் அதன் அப்பென்டேஜும் (சோணையிலிருந்து நீளும் சிறு பை). பின்னால் இடது சோணையின் கூரை. இடப்பக்கத்தில் இடது சோணையின் அப்பென்டேஜ், ஒடுங்கிய விரல்போல முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இறங்கினால் வேர் நேராக இடது இதயவறைக்குள் திறக்கிறது.

இந்த அயலாரைத் தெரிந்துவைப்பதில் நேரடியான பயன் இருக்கிறது. வலது சைனஸ் புடைத்து வெடித்தால் பெரும்பாலும் வலது இதயவறைக்குள் வெடிக்கும். கொரோனரி இல்லாத சைனஸ் வெடித்தால் வலது சோணைக்குள். வலது சைனஸுக்கும் கொரோனரி இல்லாத சைனஸுக்கும் இடையிலுள்ள மூலையின் கீழே பிரிசுவர் தசையற்ற மெல்லிய சவ்வாக இருக்கிறது. மின்கடத்தும் ஹிஸ் கட்டு அதன் ஓரத்தால்தான் போகிறது. வடிகுழாய் வழியே புதிய பெருநாடி வால்வு வைத்தபின் சிலருக்கு இதயத்துடிப்பு தடைப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படுவது இந்த அயல் காரணமாகவே.

இனி வேரிலிருந்து மேலே போங்கள். வெளிப்பாதை நுரையீரல் நாடியாக மாறும். நான்கு வால்வுகளில் நுரையீரல் வால்வுதான் உயரத்தில், இடப்பக்கம் முன்னால் இருக்கிறது. இன்னும் மேலே நுரையீரல் நாடி இரண்டாகப் பிரியும். வலது கிளை ஏறு பெருநாடிக்கும் மேற்பெருநாளத்துக்கும் பின்னால் குறுக்கே ஓடுவதை ஒரே படத்தில் நீளமாகப் பார்க்கலாம். நுரையீரல் நாடியின் அகலத்தை அளப்பதும் இந்த மட்டத்தில்தான். ஆண்களில் 29, பெண்களில் 27 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஏறு பெருநாடியைவிட அது பெரிதாகத் தெரிந்தால், அளவுகோலை எடுக்குமுன்பே நுரையீரல் அழுத்தம் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

வேரிலிருந்து கீழே வந்தால் அறைகள் விரியும். இடது சோணைக்குள் நான்கு நுரையீரல் நாளங்கள் வருகின்றன. மேல் நாளங்கள் இரண்டும் முன்பக்கமாகச் சரிந்து வரும்: வலது மேல் நாளம் மேற்பெருநாளத்துக்குப் பின்னால், இடது மேல் நாளம் அப்பென்டேஜுக்குப் பின்னால். கீழ் நாளங்கள் இன்னும் தாழ்வில், பின்பக்கமிருந்து வந்து சேரும். இடது கீழ் நாளம் இறங்கு பெருநாடிக்கு முன்னால் கடக்கும். இடது மேல் நாளத்துக்கும் அப்பென்டேஜுக்கும் இடையில் ஒரு மடிப்பு உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கும். அதைக் குருதிக்கட்டி என்று எண்ணி குருதி உறையாமலிருக்க வாஃபரின் (வணிகப் பெயர் கூமடின்) தொடங்கியவர்கள் இருந்ததால்தான் அதற்குக் 'கூமடின் ரிட்ஜ்' என்ற பட்டப்பெயர் வந்தது. வலது மேல் நாளம் இடது சோணைக்கு வராமல் மேற்பெருநாளத்திலேயே சேர்ந்துவிடுவதும் உண்டு. அப்படிக் கண்டால் மேற்பெருநாளம் வலது சோணையில் சேரும் இடத்தில் பிரிசுவரில் துளை இருக்கிறதா என்று கட்டாயம் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்தே வரும் வழக்கமுள்ளவை.

இன்னும் கீழே நான்கு அறைகளும் ஒன்றாகத் தெரியும். அதற்கும் கீழே இடது சோணை மறைந்து, அதன் இடத்தில் கொரோனரி சைனஸ் (வேரின் சைனஸ்களில் ஒன்றல்ல, இதயத்தசையின் குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் நாளம்) பின் தவாளிப்பில் குறுக்கே ஓடி வலது சோணைக்குள் நுழையும். பிறகு கீழ்ப்பெருநாளம், ஈரலின் மேல்முகடு. அங்கே இதயம் முடிகிறது.

எது எந்த அறை

சாதாரண இதயத்தில் இடத்தை வைத்தே அறையைச் சொல்லிவிடலாம். பிறவிக் கோளாறுள்ள இதயத்தில் இடம் பொய் சொல்லும். உள்கட்டமைப்பு பொய் சொல்லாது. ஆகவே சாதாரண இதயத்திலேயே கட்டமைப்பைப் பார்த்துப் பழகுங்கள்.

வலது இதயவறையின் உட்சுவர் கரடுமுரடாக இருக்கும். பிரிசுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கே ஒரு தசைப்பட்டை ஓடும், மொடரேட்டர் பான்ட் என்பது அது. முக்கூர் வால்வின் இழைகள் பிரிசுவரிலும் பொருந்தியிருக்கும். அந்த வால்வுக்கும் நுரையீரல் வால்வுக்கும் இடையில் தசை இருக்கும். இடது இதயவறையில் பிரிசுவர் வழவழப்பு. இரண்டு தடித்த முலைத்தசைகள் வெளிச்சுவரிலிருந்து கிளம்பும். இருகூர் வால்வும் பெருநாடி வால்வும் நடுவில் தசையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெருநாடி வேரின் பின்பக்கத்திலிருந்து இருகூர் வால்வின் முன் இதழ் நேராகத் தொங்குவதைப் பார்த்தால் வேறு அடையாளமே தேவையில்லை.

நான்கு அறைப் படத்தில் இன்னொரு அடையாளம்: முக்கூர் வால்வு பிரிசுவரில் பொருந்தும் இடம் இருகூர் வால்வைவிட நுனிக்குச் சில மில்லிமீற்றர் கிட்ட இருக்கும். இந்த இறக்கம் உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 8 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால் எப்ஸ்டைன் கோளாறு. வால்வு எப்போதும் தன் இதயவறையோடுதான் போகும். ஆகவே எது முக்கூர் வால்வு என்று தெரிந்தால் எது வலது இதயவறை என்பதும் தெரிந்துவிடும்.

சோணைகளை அப்பென்டேஜை வைத்துப் பிரியுங்கள். வலதினது அகன்ற வாயுள்ள முக்கோணம், இடதினது ஒடுங்கிய விரல். நுரையீரல் நாளம் வந்து சேர்வதை வைத்து இடது சோணை என்று முடிவுகட்டக் கூடாது. நாளங்கள் இடம் மாறிப் போய்ச் சேரக்கூடியவை.

முடியுரு நாடிகள்: புள்ளியும் கோடும்

முடியுரு நாடிகள் தவாளிப்புகளில் உள்ள கொழுப்புக்குள் ஓடுகின்றன. கொழுப்பு, சீ.ரீ.யில் அடர்த்தியை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில், −100 அளவில் கறுப்பாகவும், கொன்ட்ராஸ்ட் (ஸ்கானுக்காக நாளத்தில் ஏற்றும் மருந்து) நிரம்பிய நாடி 300க்கு மேலே வெள்ளையாகவும் தெரியும். ஆகவே முதலில் கொழுப்பைத் தேடினால் நாடி தானாக அகப்படும். மெலிந்தவர்களில் கொழுப்புக் குறைவு. அவர்களில் இதே வேலை சிரமம்.

நாடி மேலிருந்து கீழே ஓடும் இடத்தில் புள்ளியாகவும், படத்தின் தளத்திலேயே ஓடும் இடத்தில் கோடாகவும் தெரியும். லெஃப்ட் மெயின் (இடது முடியுரு நாடியின் அடித்தண்டு) இடது சைனஸிலிருந்து கிளம்பி, நுரையீரல் நாடிக்குப் பின்னால், அப்பென்டேஜுக்கு முன்னால் கோடாக ஓடும். வழக்கமாக ஒரு சென்ரிமீற்றர் போலத்தான் நீளம். பிறகு அதன் கிளைகளில் ஒன்றான எல்.ஏ.டி. (இடது முன் இறங்கு கிளை) முன் தவாளிப்பில் இறங்கிப் புள்ளியாகும். மற்றக் கிளையான சேர்கம்பிளெக்ஸ் அப்பென்டேஜின் கீழே புகுந்து இடது தவாளிப்பில் புள்ளியாகும். ஆர்.சீ.ஏ. (வலது முடியுரு நாடி) வலது சைனஸிலிருந்து, பொதுவாகச் சற்றுத் தாழ்வில் கிளம்பி, வெளிப்பாதைக்கும் வலது அப்பென்டேஜுக்கும் நடுவால் முன்னே வந்து, வலது தவாளிப்பில் நெடுக இறங்கும். இதயத்தின் கீழ்முகத்துக்கு வந்ததும் மீண்டும் கோடாகிப் பின்னால் திரும்பும். பின் இறங்கு கிளை நூறில் எண்பது பேர் அளவில் ஆர்.சீ.ஏ.யிலிருந்து வரும்.

எந்த ஸ்கானிலும், கேள்வி வேறெதுவாக இருந்தாலும், இரண்டு நாடிகளும் எந்தச் சைனஸிலிருந்து கிளம்புகின்றன என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை. சேர்கம்பிளெக்ஸ் வலது சைனஸிலிருந்து கிளம்பிப் பெருநாடிக்குப் பின்னால் சுற்றிப் போவது பெரும்பாலும் கேடில்லாதது. ஒரு நாடி எதிர்ச் சைனஸிலிருந்து கிளம்பி, பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் நடுவால் ஓடினால் அது வேறு கதை. விளையாட்டு மைதானத்தில் திடீரென விழுந்து இறக்கும் இளைஞர்களில் சிலரிடம் காணப்படுவது இதுதான்.

நாளத்தை நாடி என்று எண்ணுவதும் நடக்கும். பெரிய இதய நாளம் எல்.ஏ.டி.யோடு சேர்ந்து ஏறி, சேர்கம்பிளெக்ஸோடு சேர்ந்து பின்னால் போகிறது. சந்தேகமானால் முடிவு வரை பின்தொடருங்கள்: பெருநாடியில் முடிந்தால் நாடி, கொரோனரி சைனஸில் முடிந்தால் நாளம்.

விண்டோ, அதாவது எந்த அடர்த்தி எல்லையைக் கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டுவது என்ற அமைப்பு, பற்றி ஒரு வார்த்தை. அகலம் 350 முதல் 400, மட்டம் 40 என்ற வழக்கமான மார்பு விண்டோவில் கொன்ட்ராஸ்டும் சுண்ணாம்பும் ஒரே வெள்ளையாகிவிடும். அகலத்தை 800 அல்லது அதற்கு மேல், மட்டத்தை 250 அளவில் வையுங்கள். அப்போதும் சுண்ணாம்புப் படிவு தன் உண்மை அளவைவிடப் பெரிதாகப் பூத்துத் தெரியும். அடைப்பு அதிகமாகத் தோன்றும். கடுமையாகச் சுண்ணாம்பு பிடித்த நாடியில் "இத்தனை வீதம் அடைப்பு" என்று துல்லியமாக எழுதுவதை நான் நம்புவதில்லை.

ஆர்.சீ.ஏ.யின் நடுப்பகுதிதான் எல்லாவற்றிலும் வேகமாக அசைவது. படம் கலங்கினால் முதலில் அதில்தான் கலங்கும். துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 65க்குக் கீழே இருந்தால் ஈ.சீ.ஜீ. சுற்றின் 70–75 வீதத்தில், இதயம் தளர்ந்து நிற்கும்போது, நல்ல படம் கிடைக்கும். துடிப்பு வேகமானால் அந்த ஓய்வுநேரம் சுருங்கிவிடும். அப்போது 35–45 வீதத்தில், சுருக்கத்தின் முடிவில், பார்த்தால் பல வேளைகளில் தெளிவாக இருக்கும். ஒரு கட்டத்தில் கலங்கிய நாடியை அடுத்த கட்டத்தில் பார்க்காமல் அறிக்கை எழுத வேண்டாம்.

ஆட்டிதயம்

திரையில் எவ்வளவு பார்த்தாலும் சாய்வு கைக்கு வராது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆட்டிறைச்சிக் கடையில் முதல்நாளே சொல்லிவைத்து, கீறாத இதயம் மூன்று வாங்குங்கள். "கீறாமல், மேலே குழாய்கள் நீளமாக இருக்க" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் பழக்கத்தில் இரண்டாகப் பிளந்து கழுவித் தந்துவிடுவார். போயா (பௌர்ணமி) தினத்தில் கடை பூட்டு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

உறைந்த குருதியைக் குழாய்கள் வழியே தண்ணீர் விட்டுக் கழுவி, அறைகளுக்குள் பஞ்சை மெதுவாக அடைத்து, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு மணி நேரம் போல வையுங்கள். அரைவாசி உறைந்தால் கத்தி வழுக்காது, அறைகள் அமுங்காது. முழுதாக உறைந்துவிட்டால் வெட்டவே முடியாது.

முதலாவதை நுனி இடது, முன், கீழ் நோக்கும்படி கையில் பிடித்து, தரைக்குச் சமாந்தரமாக ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். சீ.ரீ. குறுக்குவெட்டு அப்படியே வரும். இரண்டாவதை நுனிக்கும் அடிக்கும் (வால்வுகள் இருக்கும் அகன்ற முனை) இடையிலான அச்சுக்குச் செங்குத்தாக வெட்டுங்கள். இடது இதயவறை தடித்த வளையமாகவும், வலது அதன்மேல் ஒட்டிய மெல்லிய பிறையாகவும் தெரியும். மனிதரில் இடது சுவர் 11, 12 மில்லிமீற்றருக்கு மேல் போனால் தடிப்பு. வலது சுவர் 5க்கு மேல் போனாலே தடிப்பு. மூன்றாவதை நுனி முதல் அடி வரை நீளமாகப் பிளந்தால் நான்கு அறைகளும் ஒரே முகத்தில்.

ஆட்டில் சில வேறுபாடுகள் உண்டு. இடது அஸைகஸ் நாளம் கொரோனரி சைனஸில் வந்து சேரும். பெருநாடி வளைவிலிருந்து தலைக்கும் முன்கால்களுக்கும் ஒரே ஒரு பொது நாடிதான் கிளம்பும். பின் இறங்கு கிளை இடது முடியுரு நாடியிலிருந்து வரும். இவற்றை மனிதருக்கும் பொருத்திவிடாதீர்கள். மருந்து எதுவும் பூசாவிட்டால் பாடம் முடிந்தபின் கறிக்கும் உதவும்.

இதயத்தின் சொந்த அச்சில் வெட்டுவது

குறுக்குவெட்டுக்கு ஒரு பெரிய குறை: இடது இதயவறையின் கீழ்ச்சுவர் வெட்டும் தளத்துக்கு ஏறக்குறையச் சமாந்தரமாகக் கிடப்பதால், அதன் தடிப்பையும் அசைவையும் அதில் மதிப்பிட முடியாது. ஆகவே இதயத்தின் அச்சுக்கு ஏற்பத் தளத்தைத் திருப்ப வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் ஸ்கான் எடுக்கும்போதே திருப்புவார்கள். சீ.ரீ.யில் எடுத்தபின் கணினியில் திருப்பலாம். இரண்டிலும் வரிசை ஒன்றே.

இருகூர் வால்வும் இடது இதயவறையும் நன்றாகத் தெரியும் குறுக்குவெட்டை எடுங்கள். வால்வின் நடுவிலிருந்து நுனிக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியே நிமிர்த்தி வெட்டினால் இடது சோணையும் இடது இதயவறையும் மட்டும் தெரியும் இரண்டு அறைப் படம் வரும். அந்தப் படத்திலும் வால்வின் நடுவிலிருந்து நுனிக்குக் கோடு போட்டு வெட்டுங்கள். கிட்டத்தட்ட நான்கு அறைப் படம் வரும். இந்த இரண்டு படங்களிலும் நீள அச்சுக்குச் செங்குத்தாக, வால்விலிருந்து நுனி வரை அடுக்கடுக்காக வெட்டினால் குறு அச்சு வெட்டுகள். பிறகு நடுமட்டக் குறு அச்சுப் படத்தில், இடது வளையத்தின் மையத்தையும் வலது பிறையின் கூர்மூலையையும் இணைத்து ஒரு கோடு போட்டால் உண்மையான நான்கு அறைப் படம். அடிமட்டக் குறு அச்சுப் படத்தில் பெருநாடி வெளிப்பாதையையும் இருகூர் வால்வையும் இணைத்து வெட்டினால் மூன்று அறைப் படம்.

எங்கே பிழைக்கிறது? பெரும்பாலும் நுனியில். கோடு உண்மை நுனியைத் தொடாமல் ஓரத்தால் போனால் இதயவறை குட்டையாகவும் உருண்டையாகவும் தெரியும். நுனிச்சுவர் போலியாகத் தடிக்கும். மாரடைப்புக்குப் பிறகு நுனியில் உறைந்த குருதிக்கட்டி படத்துக்குள் வராமலே போகும். ஒரே இதயவறை இரண்டு அறைப் படத்திலும் நான்கு அறைப் படத்திலும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று பிழை.

மற்றப் பிழை அடிமட்டத்தில், இது கணக்கையே கெடுக்கும். எம்.ஆர்.ஐ.யில் கனவளவு கணக்கிடும்போது ஒவ்வொரு குறு அச்சு வெட்டின் பரப்பையும் தடிப்பால் பெருக்கிக் கூட்டுகிறோம். வெட்டு 8 மில்லிமீற்றர், இடைவெளி 2 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றருக்குச் சமன். அடிமட்டத்தில் உள்விட்டம் 5 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 19.6 சதுர சென்ரிமீற்றர். அந்த ஒரு வெட்டைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் கிட்டத்தட்ட 20 மில்லிலீற்றர் மாறும். மொத்தம் 140 மில்லிலீற்றர் உள்ள இதயவறையில் அது 14 வீதம். சுற்றுவட்டத்தில் பாதிக்கு மேல் இதயத்தசை இருந்தால் சேர்ப்பது என்பது பரவலான விதி. எந்த விதியானாலும், முதல் ஸ்கானுக்கும் ஆறு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கானுக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். சுருங்கும்போது அடிப்பகுதி நுனியை நோக்கி இறங்கும் என்பதால், தளர்ந்த நிலையில் சேர்த்த வெட்டு சுருங்கிய நிலையில் சோணையாக மாறியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

குறு அச்சுப் படம் சரியாக வந்தால் 2002இல் அமெரிக்க இதயச் சங்கம் ஒழுங்குபடுத்திய 17 துண்டுக் கணக்கை, அதாவது இடது இதயவறைச் சுவரைத் துண்டுகளாகப் பிரித்து எண்ணிடுவதை, போடலாம்: அடியில் 6, நடுவில் 6, நுனிப்பக்கம் 4, நுனியே ஒன்று. எண்ணுவது மேலே முன்சுவரில் தொடங்கி, வலது இதயவறை இருக்கும் பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். வலது இதயவறைச் சுவர் வந்து ஒட்டும் இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் பிரிசுவர். அந்த இரண்டு இடங்களையும் முதலில் குறித்துவிட்டால் எண் தவறாது.

சீ.ரீ.யை மூச்சை உள்ளிழுத்துப் பிடித்து எடுப்பார்கள், எம்.ஆர்.ஐ.யைப் பெரும்பாலும் மூச்சை வெளிவிட்டபின் எடுப்பார்கள். உள்ளிழுக்கும்போது பிரிமென்தகடு இறங்க, இதயம் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். ஆகவே ஒரே ஆளின் இரண்டு ஸ்கான்களில் ஒரே முள்ளெலும்பு மட்டத்தில் ஒரே படம் கிடைக்கவில்லை என்று குழம்ப வேண்டியதில்லை.

வீட்டில் பழக த்ரீ டீ ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் போதும். அதன் மாதிரித் தரவுகளில் சீ.ரீ.ஏ. கார்டியோ என்று ஓர் இதய ஸ்கான் இருக்கிறது. மூன்று யன்னல்களிலும் வெட்டுக்கோடுகளைக் காட்டவைத்து, கோட்டைத் திருப்பித் திருப்பி மேலே சொன்ன வரிசையில் நான்கு அறைப் படத்தை நீங்களே உண்டாக்குங்கள்.

ஏமாற்றும் சில இடங்கள்

ஈ.சீ.ஜீ.யோடு இணைக்காமல் எடுத்த சாதாரண மார்பு ஸ்கானில், ஏறு பெருநாடியின் சுவர் இரட்டைக் கோடாகத் தெரியலாம். துடிப்பின் அசைவு அது. பெரும்பாலும் இடது முன்பக்கத்திலும் வலது பின்பக்கத்திலும் வரும், ஓரிரு படங்களோடு மறைந்துவிடும். உண்மையான சுவர்க் கிழிவு படத்துக்குப் படம் தொடரும். தீராத சந்தேகமென்றால் ஈ.சீ.ஜீ.யோடு இணைத்து மீண்டும் எடுப்பதே வழி.

பெருநாடியின் அகலத்தைக் குறுக்குவெட்டில் அப்படியே அளந்து எழுதுவது இன்னும் நடக்கிறது. 36 மில்லிமீற்றர் பெருநாடி 30 பாகை சரிந்து வெட்டுப்பட்டால் நீண்ட விட்டம் 41.6 ஆகத் தெரியும். சாதாரண ஆள் ஒருவர் ஒரே நாளில் வீக்க நோயாளி ஆகிவிடுவார். நாடியின் அச்சுக்குச் செங்குத்தாக, இரண்டு தளத்திலும் திருப்பிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

வலது சோணையின் பின் வெளிச்சுவரில் ஒரு தசைமேடு இருக்கிறது, கிரிஸ்டா டெர்மினாலிஸ். தடித்திருந்தால் கட்டி என்று எழுதத் தூண்டும். மேலும் கீழும் போய்ப் பாருங்கள். மேற்பெருநாள வாயிலிருந்து கீழ்ப்பெருநாளம் நோக்கி நெடுகத் தொடர்ந்தால் அது மேடுதான். சோணைப் பிரிசுவரில் கொழுப்பு சேர்ந்து, நடுவில் ஃபோஸா ஒவாலிஸ் என்ற குழி மட்டும் மெலிந்து, இரண்டு பக்கமும் குண்டாகத் தெரிவதும் உண்டு. அதன் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு கொழுப்பினதாக இருந்தால் பயப்படத் தேவையில்லை.

பெருநாடிக்குப் பின்னாலும் பக்கத்திலும் பெரிகாடியத்தின் (இதயத்தைச் சுற்றிய உறை) மடிப்புகளில் கொஞ்சம் திரவம் தேங்கி நிணநீர்க் கணு போலத் தோன்றும். அளவு நீரினதாக, வடிவம் சுற்றியுள்ள இடைவெளிக்கு ஏற்ப வளைந்து, எதையும் தள்ளாமல் இருக்கும். பெரிகாடியம் வழமையில் 2 மில்லிமீற்றருக்கும் மெல்லியது. 4ஐத் தாண்டினால் தடிப்பு.

இடது அப்பென்டேஜ் கறுப்பாகத் தெரிந்தால் உடனே குருதிக்கட்டி என்று எழுத வேண்டாம். சோணை ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களில் அங்கே குருதி மந்தமாக ஓடுவதால் கொன்ட்ராஸ்ட் போய்ச் சேரத் தாமதிக்கும். ஒரு நிமிடம் போலக் கழித்து அந்த இடத்தை மட்டும் மீண்டும் எடுங்கள். நிரம்பிவிட்டால் ஓட்டத் தாமதம். அப்போதும் கறுப்பாகவே இருந்தால் கட்டி.

கடைசியாகக் கொரோனரி சைனஸ். அது வழமைக்கு மாறாகப் பருத்துத் தெரிந்தால், பெருநாடி வளைவின் இடப்பக்கத்துக்குப் போய் அங்கிருந்து கீழே வாருங்கள். இடது அப்பென்டேஜுக்கும் இடது மேல் நுரையீரல் நாளத்துக்கும் நடுவால் ஒரு நாளம் இறங்கி வந்து கொரோனரி சைனஸில் சேர்ந்தால், அது பிறப்பிலிருந்து மறையாமல் நின்ற இடது மேற்பெருநாளம். ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இருக்கும், பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. கொன்ட்ராஸ்ட் ஏற்றும் கனூலாவை இடது கையில் போட்டிருந்தால் அது பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். வலது கையில் போட்டிருந்தால் மங்கலாகக் கிடக்கும், தேடினால்தான் அகப்படும். கண்டால் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறகு ஒருநாள் பேஸ்மேக்கர் போடுகிறவர் வழக்கம்போல இடது தோளால்தான் வயரை விடுவார். அது நேராக இறங்கிக் கொரோனரி சைனஸுக்குள் போகும்.